கண்டதெல்லாம் மஞ்சள்

மஹ்பூலாவில் அன்று தூசிப்புயல்.
ஏசியின் வலை மஞ்சள்,
கொடியில் காய்ந்த பனியன்கள் மஞ்சள்.
ஆகவே தனுஷ்கோடியின் கண்களை
யாரும் தனியாகக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஊரிலிருந்து திரும்பி இருபத்தாறாம் நாள்.
வெள்ளிக்கிழமைப் பிரியாணியைக்
கடன் கேட்க வந்த உறவுக்காரனைப் போலப் பார்த்தான்.
நாறுதுடா என்று
தன் சிகரெட்டையே தூக்கி எறிந்தான்.
கழிவறை போய்வந்து மெதுவாகச் சொன்னான்:
கட்டன் சாயா மாதிரி போகுது.

ஒன்பது பேர் அறை.
ஒரு கழிவறை, ஒரு வாளி,
ஒரே சோப்பு. அது தேய்ந்து
நகத்துண்டு அளவுக்கு வந்த பிறகுதான்
அடுத்ததை வாங்குவது யார் என்ற வழக்கு தொடங்கும்.
மாவு பிசையும் முறை அந்த மாதம் தனுஷ்கோடிக்கு.
அவன் பரோட்டாவுக்குப் பக்கத்து அறையிலும் ஆள் உண்டு.

கிளினிக்கில் மலையாளி நர்ஸ் நேராகக் கேட்டாள்:
"கண் மஞ்சளாகும் முன்னாடியே
ரெண்டு வாரமாப் பரவியிருக்கும்.
இவர் கையால் சாப்பிட்டது யார் யார்?"
ஒன்பதில் ஒன்றைக் கழித்தோம்.
பக்கத்து அறையைக் கூட்டினோம்.
பதினான்கு.

விசாவுக்காக நான் நின்ற நாள் ஞாபகம் வந்தது.
திருச்சியில் நெஞ்சைப் படம் பிடித்தார்கள்.
ரத்தம், மூத்திரம், கண், காது,
எல்லாம் குவைத்துக்கு என்னால்
ஒன்றும் வந்துவிடாமலிருக்க.
எனக்கு ஒன்றும் வந்துவிடாமலிருக்கக்
கேட்டவள் ஒருத்திதான், மேசை ஓரத்துப் பெண்:
"மஞ்சக்காமாலைக்கு ஊசி இருக்கு, போட்டுக்கிறீங்களா?
கட்டாயமில்லை."
கட்டாயமில்லை என்பதை
இலவசம் என்று சொன்னதுபோலக் கேட்டு மகிழ்ந்தேன்.
ஏஜெண்டுக்கு ஒரு லட்சம் எண்ணிக் கொடுத்த கை
ஊசிக்குக் கூசியது.
அந்தக் காசில் பெட்டிக்கு நம்பர் பூட்டு வாங்கினேன்.

பூட்டு இன்னும் இருக்கிறது.

விமான நிலையத்தில் தனுஷ்கோடியின் ஊறுகாயைத்
திறந்து முகர்ந்த பிறகே விட்டார்கள்.
தங்கை கல்யாணத்தில் குடித்த ஒரு டம்ளர் மோர்
முத்திரை எதுவும் இல்லாமல்
அவன் வயிற்றில் கடல் தாண்டியது.
மோரா, ஐஸ் போட்ட சர்பத்தா,
பேருந்து நிலையத்தில் நறுக்கி வைத்த அன்னாசியா,
அவனுக்கே தெரியாது.
சொந்த ஊர்த் தண்ணீரை
யார் சந்தேகப்பட்டுக் குடிக்கிறார்கள்?

வரிசையில் நின்றோம்.
பெல்ட் இல்லாமல் இருபதாம் மாடிச் சாரத்தில் நடக்கும் ஜெகபர்
ஊசியைப் பார்த்துக் கண்ணை மூடினான்.
மிக்கேல் சம்பளத் தேதியைச் சொல்லி நழுவப் பார்த்தான்.
அவன் காசை நான்கு பேர் பங்கு போட்டோம்,
அவன்மேல் உள்ள அன்பினால் அல்ல,
அடுத்த மாதம் மாவு அவன் கையில்.
ஆறு மாதம் கழித்து இன்னொன்று,
மறந்துடாதீங்க என்றாள் நர்ஸ்.

அன்றிரவு கீழ்க்கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தபடி
தனுஷ்கோடி பேசினான்:
"காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு
எவன்டா சொன்னது?
எனக்கு எல்லாம் சரியாத்தான் தெரியுது.
சுவரு வெள்ளை. சோறு வெள்ளை.
நீங்கதான் என்னை ஒரு மாதிரி பாக்குறீங்க."

யாரும் பேசவில்லை.
கழுவுவதற்காக நான் எடுத்த அவன் தட்டு
இரண்டே விரல்களில் தொங்கிக்கொண்டிருந்தது.

எக்ஸ்சேஞ்ச்காரன் கொடுத்த காலண்டரில்
ஆறு மாதம் தள்ளி வட்டம் போட்டிருக்கிறேன்.
என் விடுப்பு அதற்கு அடுத்த வாரம்.
முதலில் ஊசி, பிறகுதான் டிக்கெட்.

ஒன்றரை மாதம் கழித்து அவன் மாவுக்குத் திரும்பினான்.
குழாயைத் திறந்தான்.
விரலிடுக்கு, நக இடுக்கு, மணிக்கட்டு,
மறுபடி விரலிடுக்கு.
தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.
டேங்க் தீருது என்று கத்துகிற ஜெகபர்கூடக்
கத்தவில்லை.

முதல் பரோட்டாவில் லேசாகச் சோப்பு வாசனை.
நான் மூன்று தின்றேன்.